கொல்லைமேட்டுப் படத்தில் இல்லாதவர்கள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஒளிப்படக் கழகத் தலைவர் திரு. கோதண்டராமன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் கழகப் பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும் பெரியநாயகம் அவர்களின் துணைவியார் அன்னபுஷ்பம் அம்மா அவர்களே, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கொல்லைமேட்டிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, ஷிப்ட் முடிந்து நேராக இங்கே வந்து பின்னால் நின்றுகொண்டிருக்கும் தோழர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

ஒளிப்படக் கலைஞர் பெரியநாயகம் அவர்கள் மறைந்துவிட்டார்.

இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். படப்பையில் என் அறையில் சொல்லிப் பார்த்தேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. இப்போதும் வரவில்லை.

தலைவர் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் கூடத்தான் ஆகும். பெரியநாயகம் அவர்களுக்கு ஒரு படத்துக்கே அவ்வளவு நேரம் ஆகும்.

நம் கடைத்தெருவில் அவருடைய லூர்து ஸ்டூடியோவைத் தெரியாதவர் யார்? அங்கே போய்க் கழுத்தை நிமிர்த்தி உட்காராதவர் இந்த ஊரில் யார்? "மோவாயக் கொஞ்சம் எறக்குங்க. இன்னும். போதும். இப்ப மூச்ச வுடலாம்." அந்தக் குரல் உங்கள் எல்லோருக்கும் தெரியும். கல்யாணம், ஞானஸ்நானம், கம்பெனி அடையாள அட்டை. பெருமாள் தேருக்கும் அவர்தான் வந்தார். மாதா தேருக்கும் அவர்தான் வந்தார். இது வாரநாள் பெரியநாயகம்.

ஞாயிற்றுக்கிழமைப் பெரியநாயகம் வேறு. பூசை முடிந்ததும் சென்னைக்கு பஸ் ஏறுவார். பாரிமுனை. துறைமுகச் சுவர். மவுண்ட் ரோடு. சில வாரம் இன்னும் தெற்கே, கோவளம் கடற்கரை. போய் முக்காலியை ஊன்றுவார். லென்சுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியைப் பொருத்துவார். வெல்டிங் செய்பவர்கள் முகத்துக்குப் பிடித்துக்கொள்ளும் கண்ணாடி அது. டிரங்க் ரோட்டுத் தொழிற்சாலையில் வெல்டராக இருக்கும் நம் யாக்கோபு கொடுத்தது. உச்சி வெயிலையும் அது விழுங்கிவிடும். துளி வெளிச்சம்தான் உள்ளே போகும். ஆகவே நாம் ஒரு நொடிகூடத் திறக்காத ஷட்டரை, அவர் நிமிடக் கணக்கில் திறந்து வைத்திருப்பார்.

அப்போது என்ன நடக்கும்?

அசையாதவை பிலிமில் பதியும். கட்டடம் பதியும். விளக்குக் கம்பம் பதியும். பாறை பதியும். அசைபவை பதியாது. சைக்கிள்காரர் போய்விடுவார். பஸ் போய்விடும். அலை வரும், திரும்பும், வரும், திரும்பும். கடைசியில் பால் ஊற்றிய மாதிரி ஒரு பரப்பு மட்டும் மிஞ்சும். பட்டப்பகலில் ஆளே இல்லாத மவுண்ட் ரோடு! அந்தப் படத்தை முதல்முறை பார்த்தபோது நடைபாதை முழுக்க ஆளைத் தேடினேன். அவ்வளவு அழகு. அவ்வளவு பயம்.

ஒருமுறை மவுண்ட் ரோட்டில் நானும் கூட இருந்தேன். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார்.

"இன்னா சார், தொறந்து வெச்சிக்கினு சும்மா நிக்கிற? படம் புடிக்கிறியா, பஸ்ஸுக்கு நிக்கிறியா?"

"படந்தான். நீங்களும் இதுல கீறீங்க."

போலீஸ்காரர் உடனே தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அப்ப எனக்கொரு காப்பி குடுக்கணும். எங்க வூட்ல காட்டணும்" என்று முகவரியும் சொன்னார். பிறகு அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்தார். அவர் வேலை அது. படத்தைக் கழுவினால், அவர் இல்லை. பெரியநாயகம் அந்தப் பிரிண்டையும் முகவரியையும் மேசைமேல் வைத்தார். "என்னான்னு சொல்லிக் குடுக்கறது தம்பி?" என்றார். கொடுக்கவே இல்லை.

மனிதர்களை அவருக்குப் பிடிக்காதா? நான் கேட்டிருக்கிறேன். "வாரம் பூரா மூஞ்சிதானே பாக்கறேன்? ஒரு நாளு மூஞ்சி வேணாம்" என்றார். வேடிக்கையாகச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இருட்டறையில் அவர் செய்த இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு விளங்காது. இரண்டு நெகடிவை எடுத்துக்கொள்வார். ஒன்றில் நிலம் நன்றாக இருக்கும், வானம் வெறும் வெள்ளையாக இருக்கும். மற்றதில் மேகம் நன்றாக இருக்கும். ஒரே தாள். முதல் நெகடிவின் ஒளி விழும்போது மேல்பாதியைக் கையால் மறைப்பார். இரண்டாவது நெகடிவின் ஒளி விழும்போது கீழ்ப்பாதியை மறைப்பார். மறைக்கும் கை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் தாளில் கோடு விழுந்துவிடும். அவர் சேர்த்த படத்தில் சேர்ந்த இடம் தெரியாது. நான் தேடியிருக்கிறேன். தலைவர் அவர்களே, நீங்களும் தேடியிருக்கிறீர்கள். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினோம். கிடைக்கவில்லை.

அப்படிச் சேர்த்ததுதான் கொல்லைமேட்டு ஏரிப் படம்.

ஒரகடத்துக்குக் கிழக்கே கொல்லைமேடு. ஏரி, கரை, கரைக்குக் கீழே மேய்ச்சல் நிலம். ஒரு நாள் காலையில் போய் அதை எடுத்தார். நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்தார். நிலமும் தண்ணீரும் நன்றாக வந்தன. வானம் வரவில்லை. கோவளத்தில் எடுத்த ஒரு நெகடிவிலிருந்து வானத்தையும், கூடவே கடலின் விளிம்பையும் கொண்டுவந்து மேலே வைத்தார். ஏரி கடலாகிவிட்டது! கோரைப்புல்லுக்கு அந்தப் பக்கம் கரையே இல்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. ஆள் இல்லை. மாடு இல்லை. கரையோரம் ஒரு கறை மாதிரி ஏதோ. அது கயிற்றில் கட்டியிருந்த எருமை.

நம் கழகத்தின் கண்காட்சியில் இயற்கைக் காட்சிப் பிரிவில் அதற்குத்தான் முதல் பரிசு. ஒரே நெகடிவிலிருந்து எடுத்த படமாக இருக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவின் விதி. அது இரண்டு நெகடிவ் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் கொடுத்தோம். ஏன் கொடுத்தோம்? அவ்வளவு நன்றாக இருந்தது. படப்பையில் ஓர் அரிசி ஆலைக்காரர் அதைக் காலண்டராக அச்சிட்டார். படத்துக்குக் கீழே 'கொல்லைமேட்டு ஏரி, காலை நேரம்' என்று போட்டார்.

காலண்டர் கொல்லைமேட்டுக்கும் போனது. அங்கே ஒரே சிரிப்பு. இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கும் செங்கமலம் அம்மா, ஏரிக்கரையில் புல் அறுத்து மாடு வளர்ப்பவர், அடுத்த முறை அவரைப் பார்த்ததும் விடவில்லை.

"இன்னா போட்டாக்காரரே, எங்க ஏரில கடல வுட்டுட்டீங்களாமே? அப்ப இனிமே கருவாடு போடலாமா?"

"போடுங்க, எனக்கும் ரெண்டு குடுங்க."

"அது கெடக்குது. அன்னிக்கு நாங்க அத்தினி பேரு அங்கதானே இருந்தோம். எங்களக் காணோமே?"

"நடந்துக்கினே இருந்தீங்க, படத்துல வுழல. ஒரே எடத்துல நின்னிருந்தா வுழுந்திருப்பீங்க."

"நல்லா சொன்னீங்க! நான் நின்னா மாட்டுக்கு யாரு புல்லு அறுப்பாங்க, நீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியநாயகமும் சிரித்தார்.  

நண்பர்களே, போன ஆண்டு அந்த நிலத்தை ஒரு கம்பெனி கேட்டது. பெயர் வேண்டாம். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. கொல்லைமேட்டார் ஆட்சேபம் சொன்னார்கள். அவர்களுக்கு அங்கே பட்டா கிடையாது. மேய்ச்சல் புறம்போக்கு. இருக்கிறோம், மேய்க்கிறோம், அறுக்கிறோம் என்றார்கள். அவர்களிடம் காட்ட வேறு எதுவும் இல்லை.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு காகிதச் சுருளை மேசைமேல் விரித்தார். காலண்டர்.

"காலை நேரம்னு அவங்களே போட்டிருக்காங்க. மாடு மேயற நேரம். ஒரு மாடு இருக்கா? ஒரு ஆளு? பரிசு வாங்கின படம் சார் இது."

செங்கமலம் அம்மா நேராக ஸ்டூடியோவுக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன். அவர் கத்தவில்லை. கவுண்டரில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஸ்டூடியோக்காரரே, நாங்க அங்க இல்லன்னு உங்க படம் சொல்லிச்சாம்."

அவ்வளவுதான். பெரியநாயகம் அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டார்.

அடுத்த விசாரணைக்கு அவரே போனார். யாரும் அழைக்கவில்லை. சாட்சி சொல்கிறேன் என்று போய் நின்றார். நான் வெளியே வராந்தாவில், ஜன்னலோரம்.

"இது நீங்க எடுத்த படமா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"ஆமாங்க ஐயா."

"இது கொல்லைமேட்டு ஏரிதானே?"

"கீழ்ப்பாதி கொல்லைமேடு. மேல்பாதி கோவளம்."

அறையே சிரித்தது. எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அன்னிக்கு ஆளுங்க இருந்தாங்க ஐயா. மாடு இருந்துது. நான் கண்ணால பாத்தேன். என் படத்துல வுழல."

"படத்துல வுழாத ஆளுங்களா?" என்றார் வக்கீல். "மனுஷங்களா, பேயா?"

மறுபடி சிரிப்பு.

பெரியநாயகம் தளரவில்லை. மறுநாளே கொல்லைமேட்டுக்குப் போனார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சாதாரணமாக, கண் சிமிட்டும் நேரத்தில், ஒரு படம் எடுத்தார். ஆட்கள், மாடுகள், தலையில் புல்லுக்கட்டு, தண்ணீருக்குள் நின்று கோரை அறுப்பவர்கள். ஒவ்வொரு முகமும் தெளிவு. அவர் தனக்காக எடுத்த படங்களில் இவ்வளவு கூட்டம் வேறு எதிலும் இல்லை. அதைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தார்.

அதிகாரி கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். நிதானமானவர். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இதுல கீழ்ப்பாதி எது? மேல்பாதி எது?"

"இது ஒரே நெகடிவ் ஐயா."

"அதுவும் ஒரே நெகடிவுன்னு சொல்லித்தானே பரிசு வாங்கினீங்க?"

 பெரியநாயகம் என்ன சொல்வார்? எந்தக் கைத்திறனை நாம் மேடை போட்டுப் பாராட்டினோமோ, அதுவே அவர் வாயை அடைத்தது. சேர்ந்த இடம் தெரியாமல் சேர்ப்பவர் அல்லவா? அப்படியானால் எதையும் சேர்க்கலாம். ஆட்களையும் சேர்க்கலாம். அவர் எடுத்ததிலேயே உண்மையான படம் அது. அதை யாரும் நம்பவில்லை.

விசாரணையைத் தள்ளிவைத்தார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருபவர்கள் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். "பெரியநாயகம் சார், என் தலைய எந்த ஒடம்புல ஒட்டப் போறீங்க? நல்லா ஜிம்மு போன ஒடம்பாப் பாத்து ஒட்டுங்க." முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. ஒரு பெண் வீட்டார், மாப்பிள்ளை படம் லூர்து ஸ்டூடியோவில் எடுத்தது என்றதும், வேறு படம் கேட்டு அனுப்பினார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போவதை நிறுத்தினார். பரிசு வாங்கிய கொல்லைமேட்டுப் படத்தை வீட்டுச் சுவரிலிருந்து கழற்றினார்.

பிறகு நம் கழகத்துக்கு வந்தார். இந்த மேடையில் இருப்பவர்கள் எல்லோரும் அன்று இருந்தோம். அவர் கேட்டது இரண்டே விஷயம். இந்த முறையில் எடுத்தால் நடமாடும் ஆள் படத்தில் விழ மாட்டார் என்பதை ஒளிப்படக்காரர்கள் என்ற முறையில் வந்து சொல்லுங்கள். அது இரண்டு நெகடிவ் என்று தெரிந்தேதான் பரிசு கொடுத்தோம் என்பதையும் சொல்லுங்கள். "நான் உங்கள ஏமாத்தலன்னு தெரிஞ்சாதான் நான் சொல்ற மத்ததையும் நம்புவாங்க" என்றார்.

கழகம் யோசித்துச் சொல்வதாகச் சொன்னது. கழகம் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் போய்விட்டார்.

போன மாதம், ஒரு பிற்பகல். கடைக்குள் பிரிண்டுகளை அலசிக்கொண்டிருந்தார். அன்னபுஷ்பம் அம்மா சாப்பாடு கொண்டுபோனபோது குழாய் திறந்தபடி இருந்தது. தண்ணீர் கடைவாசலுக்கு வந்திருந்தது. இருதயம் என்றார் டாக்டர். நானும் இருதயம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அவர்மேல் தவறே இல்லையா? இரங்கல் கூட்டத்தில் இதைக் கேட்கலாமா? கேட்காமல் நான் எப்படி அவரைப் புகழ்வது? ஆட்கள் மறைவது அவருக்குத் தெரியும். அதைத்தான் அவர் விரும்பினார். நாமும் விரும்பினோம். வெறுமையைப் பார்த்துக் கைதட்டினோம். அந்த வெறுமையில் யாராவது மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்களா என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. செங்கமலம் அம்மா கேட்டார். அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம்.

ஆனால் ஒன்று சொல்வேன். கண்காட்சிச் சுவரில் மட்டும் இருந்தவரை ஒரு படத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. அது விசாரணை மேசைக்குப் போன நாளில், தன் பெயர் போகும் என்று தெரிந்தே பின்னால் போனார் இந்த மனிதர். தன் பரிசுப் படத்தைப் பொய் என்று தானே போய்ச் சொன்ன கலைஞர் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்து ஒருவர். அவர் பெயர் பெரியநாயகம்!

கூட்டம் தொடங்குமுன் தலைவர் கோதண்டராமன் அவர்கள் என்னைத் தனியே அழைத்தார். தோளில் கை வைத்து, "விசாரணப் பேச்சு மட்டும் வேணாம்பா. மனுஷன் பேரு நல்லபடியா நிக்கட்டும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஐயா, உங்களை மதிக்கிறேன். எனக்கு முதல் கேமரா கொடுத்தவர் நீங்கள். ஆனால் எந்தப் பெயர் நிற்க வேண்டும்? பரிசுப் பட்டியலில் உள்ள பெயரா? விசாரணையில் பாதியில் நிற்கும் சாட்சியின் பெயரா?

எனக்குப் பின்னால் பச்சைத் திரை போட்டு ஒரு பெரிய படம் நிற்கிறது. எல்லோரும் அவருடைய உருவப்படம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. பரிசு வாங்கிய அந்தக் கொல்லைமேட்டுப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறோம். கூட்டத்தின் முடிவில் தலைவர் திறந்துவைப்பதாக ஏற்பாடு. அன்னபுஷ்பம் அம்மா காலையிலேயே சொல்லிவிட்டார். "அவரு செவுத்துலேர்ந்து எறக்கின படம் தம்பி. நீங்க ஏன் மறுபடி மாட்டுறீங்க?" அப்படியும் மாட்டிவிட்டுத் திரையைப் போட்டோம்.

அடுத்த வியாழக்கிழமை மீண்டும் விசாரணை. அதற்குமேல் தள்ளிவைக்க மாட்டார்களாம்.

இரங்கல் கூட்டங்களில் அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று சொல்வார்கள். நானும் சொல்லத்தான் எழுந்தேன். எந்தப் பணி? மவுண்ட் ரோட்டைக் காலியாக்கும் பணியா? அது எனக்கும் கொஞ்சம் கைவரும். ஆனால் இனி முக்காலியை ஊன்றும்போதெல்லாம் எதிரே யார் யார் நடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பேன். அவர் பாதியில் விட்டது சாட்சி. வியாழக்கிழமை நான் போகிறேன். இது உறுதி.

நான் மட்டும் போனால் போதுமா? போதாது. எனக்கும் இரண்டு நெகடிவைச் சேர்க்கத் தெரியும். அதே கேள்வியை என்னிடமும் கேட்பார்கள். நீயும் அந்தக் கும்பல்தானே என்பார்கள். கழகம் வர வேண்டும். தலைவர் வர வேண்டும். விதியை மீறிப் பரிசு கொடுத்தோம் என்று கொடுத்தவர்களே வந்து சொல்ல வேண்டும். சொன்னால் கழகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! அவரைப் பார்த்து ஓர் அறையே சிரித்தது. அவர் நின்றார்.

தலைவர் கையைக் காட்டுகிறார். முடிக்கிறேன் ஐயா. முடித்துவிடுகிறேன்.

என்னம்மா? சத்தமாகச் சொல்லுங்கள்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. செங்கமலம் அம்மா சொல்கிறார்: "அந்தப் படத்த மூடாதீங்க சார். அத்த வெச்சித்தானே எங்களத் தொரத்தறாங்க? தொறந்து வைங்க. எவளெவ எங்கெங்க இருந்தான்னு நாங்க காட்டறோம். நீங்க பாத்துக்கினு வந்து அங்க சொல்லுங்க."

அன்னபுஷ்பம் அம்மா, நீங்கள் சொல்ல வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

"தொறங்க தம்பி" என்கிறார்.

இது விசாரணையில் செல்லுமா? எனக்குத் தெரியாது. நிலம் தப்புமா? தெரியாது. தப்பும் என்று சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. அவரும் தெரியாமல்தான் போனார்.

தலைவர் எழுந்துவிட்டார். என்னைத் தடுக்கவா, திரையின் அந்த முனையைப் பிடிக்கவா, தெரியவில்லை. நான் இந்த முனையை இழுக்கிறேன்.

கழக உறுப்பினர்களே, உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் போதாது. எழுந்து கிட்டே வாருங்கள். செங்கமலம் அம்மா, மேலே வாங்க. படி உயரம், பாத்து. மற்றவர்களும் வாங்க, ஒவ்வொருவராக.

அம்மா, நீங்க எங்க இருந்தீங்க? விரல வெச்சுக் காட்டுங்க.